எட்டுக்கு நாலு பிளைவுட்டில் ஒரு மோட்டார் படகு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் கிளேர் ஆற்றை ஒட்டி அல்கோனாக் என்றொரு சிற்றூர். 1874-ல் அங்கே 13 வயதுப் பையன் ஒருவன் தன் முதல் மரப்படகைக் கட்டினான். பெயர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித். ஆற்றில் வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். பின்னாளில் அவனும் அவன் குடும்பமும் வளர்த்த தொழில்தான் ‘கிறிஸ்-கிராஃப்ட்’. மெருகேற்றிய மஹோகனிப் பலகையில் அந்த நிறுவனம் கட்டிய மோட்டார் படகுகள் அமெரிக்கச் செல்வந்தர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

அதே நிறுவனம் 1950-ல் வேறொரு சரக்கையும் விற்கத் தொடங்கியது. அளவாக அறுத்த பிளைவுட் துண்டுகள், சட்டங்கள், செய்முறைக் குறிப்பு எல்லாம் அடங்கிய ‘கிட்’. வீட்டு முற்றத்தில் வைத்து வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டும். படகின் விலையில் பெரும்பங்கு கூலிக்குத்தான் போகிறது; அந்தக் கூலியைத் தன் உடலுழைப்பால் ஈடுகட்டத் தயாராக இருப்பவருக்குப் படகு எட்டாத பொருளில்லை. இந்தக் கணக்கு ஆடம்பரப் படகு கட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இன்றும் உலகின் பல ஊர்களில் இருபது வயதுகூட நிரம்பாதவர்கள் கார் ஷெட்டிலோ கொல்லைப்புறத்திலோ சின்ன மோட்டார் படகுகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கையில் காசு குறைவு. பெரிய எந்திரங்கள் கிடையாது. இருப்பது ஒரு துரப்பணம், ஒரு ரம்பம், விடுமுறை நாட்கள். ஆனாலும் படகு மிதக்கிறது, ஓடுகிறது. அந்த இளைஞர்களின் விடாமுயற்சி பாராட்டுக்குரியது. அதற்கு வழி திறந்துவிட்டவர்களும் அதே அளவு பாராட்டுக்குரியவர்கள். ஒரு வேதியியலாளர், ஒரு தொலைக்காட்சித் தச்சர், சிங்கி இறால் பிடித்த ஒருவர், சில படகு வடிவமைப்பாளர்கள்: சிறிய பணப்பையோடு வருகிறவரை மனதில் வைத்து வேலை செய்தவர்கள் இவர்கள்.

பசை செய்த புரட்சி

பழைய முறையில் ஒரு மரப்படகு கட்டுவது சாமானிய வேலையல்ல. அடியில் முதுகெலும்புபோல ஏரா வைத்து, விலா எலும்புபோல வளைந்த வங்குகளை நிறுத்தி, ஒவ்வொரு பலகையாகச் செதுக்கிப் பொருத்தி, இடுக்குகளில் பஞ்சோ கயிற்றுத் தும்போ திணித்துக் கலப்பற்றுச் செய்ய வேண்டும். நம் கடற்கரையின் படகுத் தச்சர்களான ஓடாவிகள் இந்த வித்தையைச் சிறுவயது முதல் அப்பாவிடமும் தாத்தாவிடமும் நின்று பழகியவர்கள். பழகாத கைக்கு அது பிடிபடாது. தவிர, பலகைப் படகைக் கரையில் நெடுநாள் போட்டுவைத்தால் மரம் காய்ந்து சுருங்கும். திரும்பத் தண்ணீரில் விட்டதும் இடுக்கெல்லாம் ஒழுகும்.

பிளைவுட் இந்தச் சிக்கலை அவிழ்த்தது, ஆனால் உடனடியாக அல்ல. 1905-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்த கண்காட்சியில் டக்ளஸ் ஃபிர் மரத்தின் மெல்லிய தோல்களை ஒட்டிச் செய்த பலகைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். கதவுகளுக்கும் மேசை நாற்காலிகளுக்கும் அது நன்றாக உதவியது. தண்ணீர் பட்டால் மட்டும் பசை விட்டுப்போய் அடுக்கடுக்காகப் பிரிந்தது. 1934-ல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் ஊரில் ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின், தண்ணீரில் முற்றிலும் கரையாத பசையைக் கண்டுபிடித்தார். பிளைவுட் படகுக்கு உதவும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

அதைச் சோதித்துப் பார்த்தது இரண்டாம் உலகப்போர். நியூ ஆர்லியன்ஸின் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்த தரையிறங்கு படகுகள் பெரும்பாலும் பிளைவுட்டால் ஆனவை. 20,000-க்கும் மேல் கட்டப்பட்டன. நார்மண்டிக் கரையில் படை வீரர்களை இறக்கியவை அவையே. போர் முடிந்தபோது, அலையிலும் மணலிலும் அடிபட்டுத் தாங்கிய அதே வகைப் பலகை சாதாரண மரக்கடைக்கு வந்து சேர்ந்தது: 8 அடி நீளம், 4 அடி அகலம். இடுக்கு இல்லை, கலப்பற்று வேண்டாம். எடையும் குறைவு. வெயிலில் காய்ந்தாலும் பலகைப் படகைப் போலச் சுருங்கி ஒழுகாது. கரையில் படகுத்துறை வாடகை கட்ட வசதியில்லாதவர் வீட்டிலேயே நிறுத்திவைத்து, வேண்டும்போது இழுத்துப்போய்த் தண்ணீரில் விடலாம்.

இரண்டு ஷீட்டில் அடங்கிய கடல்

1947. ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் ஊரில் கிளிஃபோர்ட் மெக்கே என்பவருக்கு ஒரு யோசனை. சிறுவர்கள் தாங்களே வண்டி செய்து சரிவான சாலையில் உருட்டிவிடும் ‘சோப் பாக்ஸ்’ பந்தயம் அப்போது அமெரிக்காவில் பிரபலம். அதேபோல் சிறுவர்களுக்குப் படகுப் பந்தயம் ஏன் கூடாது? உள்ளூர்ப் படகுக்காரர் கிளார்க் மில்ஸிடம் அவர் வைத்த நிபந்தனை எளியது: 50 டாலருக்குள் அடங்க வேண்டும், புதியவர்களும் கட்ட முடிய வேண்டும். மில்ஸ் 8 அடி பிளைவுட் ஷீட்டையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். ஷீட்டுக்குள் அடங்கும்படி படகின் நீளத்தை 8 அடிக்குச் சற்றுக் குறைவாக வைத்து, மூக்கை மழுங்கலாக வெட்டி, ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற பாய்மரப் படகை வரைந்தார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் குழந்தைகள் பாய்மரம் பழகுவது அந்தப் படகில்தான்.

பொருளுக்கு ஏற்ப வடிவம் என்ற இந்தப் பாதையில் அடுத்த பெரிய அடி இங்கிலாந்தில் விழுந்தது. பாரி பக்னெல், வீட்டு மரவேலைகளைப் பிபிசி தொலைக்காட்சியில் செய்துகாட்டி வீட்டுக்கு வீடு தெரிந்தவர். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘மிரர்’ படகை 1963-ல் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் மக்கள் முன் வைத்தது. கிட்டின் தொடக்க விலை 63 பவுண்ட் 11 ஷில்லிங். 3.3 மீட்டர் நீளப் படகு. துடுப்பும் போடலாம், பாயும் விரிக்கலாம், பின்பலகையில் சிறு மோட்டாரையும் மாட்டலாம். 70,000-க்கும் மேல் கட்டப்பட்டுவிட்டன.

மிரரின் உயிர்நாடி அதைக் கட்டிய முறை. வங்குகளை நிறுத்தி அவற்றின் மேல் பலகை அறைவதில்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்துவிட்டு, உள்ளும் புறமும் கண்ணாடி இழை நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்டிவிடுவார்கள். தையல் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைத்தவை. அங்கே தையல்தான் படகைக் கடைசிவரை பிடித்திருந்தது. அலையின் அடிக்குப் பலகைகள் சற்று நெகிழ்ந்துகொடுக்க அது உதவியது. மிரரில் தையல் தற்காலிகம். பிசின் இறுகும்வரை பலகைகளை இடத்தில் நிறுத்தினால் போதும்.

இந்த ஒட்டுவேலைக்கு எபாக்சிப் பிசினைக் கொண்டுவந்து நம்பகமாக்கியதில் மிச்சிகனின் பே சிட்டியைச் சேர்ந்த கூஜன் சகோதரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எபாக்சியை ஒட்டவும், இடுக்கு நிரப்பவும், மரத்துக்கு நீர்புகாத மேல்பூச்சாகவும் பயன்படுத்தும் முறையை அவர்கள் 1979-ல் புத்தகமாகவே எழுதிக் கொடுத்தார்கள்.

இறால் பிடித்தவரும் வரைந்தவரும்

மசாசூசெட்ஸின் குளோஸ்டர் ஊரில் ஃபிலிப் போல்ஜர் (1927-2009). வாழ்நாளில் 600-க்கும் அதிகமான படகு வடிவங்களைத் தந்தவர். 1970-ல் ‘எச்எம்எஸ் ரோஸ்’ என்ற பழைய போர்க்கப்பலின் மறுவடிவத்தை வரைந்தவரும் அவரே. ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ திரைப்படத்தில் வரும் கப்பல் அதுதான். அத்தனை பெரிய கப்பல் வரைந்த கை, இரண்டே ஷீட் பிளைவுட்டில் 12 அடிப் படகு எப்படிக் கட்டுவது என்பதிலும் அதே அக்கறையோடு மெனக்கெட்டது.

அவருக்குத் துணையாக மெய்ன் மாநிலத்தில் ஹெரால்ட் பேசன் இருந்தார். ‘டைனமைட்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். சிங்கி இறால் பிடித்தவர், படகு கட்டியவர். போல்ஜர் வரைந்ததை முதலில் இவர் கட்டிப்பார்ப்பார். முழு அளவு உருவத்தைத் தரையில் வரைவது, வங்குகளை நிறுத்தச் சாரம் கட்டுவது போன்ற படிகளையெல்லாம் தவிர்த்துவிட்டு, ஷீட்டில் நேரடியாக அளவு குறித்து அறுக்கும்படி வரைபடத்தைச் சுருக்கினார்கள். 1979-ல் வந்த பேசனின் ‘இன்ஸ்டன்ட் போட்ஸ்’ புத்தகம், தச்சு தெரியாதவர்களுக்குத் தைரியம் கொடுத்த புத்தகம். அவர்களுடைய ‘டயாப்ளோ’ 15 அடி நீள மோட்டார் படகு. தைத்து ஒட்டும் முறையில் கட்டுவது. பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினோடு தண்ணீரின் மேல் எழும்பி ஓடும்.

இவர்களுக்கு முன்பே 1953-ல் கலிஃபோர்னியாவில் கிளென் விட் தொடங்கிய ‘கிளென்-எல்’, முழு அளவுக் காகித அச்சுகளை அஞ்சலில் அனுப்பியது. காகிதத்தைப் பலகைமேல் விரித்து அப்படியே குறித்துக்கொள்ளலாம். ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’, ‘சயின்ஸ் அண்ட் மெக்கானிக்ஸ்’ போன்ற மாத இதழ்களில் படகு வரைபடங்கள் வந்தபடி இருந்தன. 1960-களில் ‘சயின்ஸ் அண்ட் மெக்கானிக்ஸ்’ வெளியிட்ட 8 அடி ‘மினிமேக்ஸ்’ ஹைட்ரோபிளேன், ஒரே ஒருவர் ஏறும் பந்தயப் படகு. இன்றும் பதின்ம வயதினர் அதைக் கட்டுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மஸ்கோகா ஏரிகளில் இப்படிப்பட்ட குட்டிப் படகுகளுக்குக் ‘கடல் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள்படும் செல்லப்பெயரே உண்டு.

அலாஸ்காவின் ஹோமர் ஊரில் ரென் டோல்மன் இன்னும் ஒருபடி மேலே போனார். குளிர்ந்த, கடுமையான கடலில் மீன்பிடிக்கப் போகும் 20 அடி அளவு மோட்டார் படகையும் பிளைவுட், எபாக்சி கொண்டு ஒருவர் வீட்டில் கட்ட முடியும் என்று 1992-ல் புத்தகம் எழுதிக் காட்டினார். அவர் வடிவத்தில் கட்டிய படகுகள் உல்லாசத்துக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும் கடலுக்குப் போகின்றன.

தட்டைப் பலகை படகாகும் நேரம்

12 அடி நீளமுள்ள, தட்டையான அடி கொண்ட ஒரு எளிய மோட்டார் படகை எடுத்துக்கொள்வோம். உடம்புக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் நான்கைந்து ஷீட் வேண்டும். ஷீட்டின் நீளம் 8 அடி, படகோ 12 அடி. ஆகவே முதல் வேலை இரண்டு ஷீட்டுகளை நீளவாக்கில் இணைப்பது. இரு முனைகளையும் சரிவாகச் சீவி, சரிவின் மேல் சரிவை வைத்து ஒட்டுவது பழைய முறை. பலகையின் தடிமனைப்போல் 8 மடங்கு நீளத்துக்குச் சரிவு இருக்க வேண்டும் என்பது கணக்கு. 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். இளவயதுக் கைகள் கூர்மையான இழைப்புளியோடு முதன்முதலாகச் சரியாகப் பழகுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு வரைபடத்தில் உள்ள அளவுகளைப் பலகையில் புள்ளி புள்ளியாகக் குறித்து, நெகிழ்வான மெல்லிய மரச்சட்டத்தை அந்தப் புள்ளிகளின் வழியே வளைத்துக் கோடு இழுப்பார்கள். ஒரு புள்ளி தப்பாக இருந்தால் சட்டம் காட்டிக்கொடுத்துவிடும். வளைவில் ஒரு முட்டு தெரியும். இரு பக்கப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டில் அறுத்தால் வலமும் இடமும் அச்சாக ஒத்திருக்கும்.

ஓரங்களில் துளையிட்டுக் கம்பி கோத்து முறுக்கத் தொடங்கியதும் தரையில் கிடந்த தட்டைப் பலகைகள் எழுந்து வளைகின்றன. அரைநாளுக்குள் படகின் உருவம் வந்துவிடும். ஆர்வத்தில் உடனே பசை பூசிவிடத் தோன்றும். பொறுப்பான வடிவமைப்பாளர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து, உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி மட்டும் இருக்கும்போது திருத்துவது எளிது. எபாக்சி இறுகிவிட்டால் அந்தக் கோணல் படகின் ஆயுள்முழுக்க நிற்கும்.

வேகமாக ஓடும் படகுக்கு அடிப்பலகையின் பின்பகுதி இன்னும் முக்கியம். அங்கே அடி நேர்க்கோடாக இருக்க வேண்டும். கீழ்நோக்கிப் புடைத்திருந்தால் வேகத்தில் முன்பகுதி மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டே போகும். உட்குழிந்திருந்தால் மூக்கு தண்ணீரில் அழுந்தும். ஒரு நீண்ட நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எபாக்சிக்கும் ஒழுங்கு உண்டு. பிசினும் இறுக்கியும் சொன்ன விகிதத்தில் கலந்தால்தான் இறுகும். நிறையக் கலந்து கோப்பையிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்ப வேண்டும். மூலைகளை நிரப்ப மரத்தூள் சேர்த்துக் களிபோலக் குழைத்துக்கொள்வார்கள். தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும்; ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

சிக்கனம் எங்கே, எங்கே கூடாது?

கருவிகளில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். கை ரம்பம், துரப்பணம், இழைப்புளி, அளவுநாடா போதும். ஒட்டும்போது பலகைகளை இறுக்கிப் பிடிக்க டஜன் கணக்கில் கிளாம்ப் தேவைப்படும்; பிவிசி குழாயை வளையங்களாக அறுத்து ஒரு பக்கம் கீறிவிட்டால் அதுவே கவ்விப் பிடிக்கும். விலையுயர்ந்த கடல் பெயின்டுக்குப் பதில் நல்ல வெளிச்சுவர் பெயின்ட் அடித்த சிறு படகுகள் ஏராளம். கரையில் நிறுத்திவைக்கும் படகுக்கு அது போதும். துடுப்பையும் இருக்கையையும் மிச்சத் துண்டுகளிலிருந்தே செய்துகொள்ளலாம்.

பலகையின் பசையில் மட்டும் சமரசம் கூடாது. பிரிட்டனின் பிஎஸ் 1088, இந்தியாவின் ஐஎஸ் 710 ஆகியவை கடல் பிளைவுட்டுக்கான தரக்குறிகள். அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் வெளிப்புற உபயோகத்துக்கான சாதாரண பிளைவுட்டை எடுக்கிறார்கள். அதில் பசை தாங்கும், ஆனால் உள்ளடுக்குகளில் வெற்றிடங்கள் இருக்கலாம். வாங்கும் முன் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு, காயவைத்து, மறுபடி கொதிக்கவைத்து அடுக்கு பிரிகிறதா என்று பார்ப்பது வீட்டில் கட்டுகிறவர்களின் பழைய சோதனை. வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீர் நுழையும் வாசல்; அவற்றில் எபாக்சியைத் திரும்பத் திரும்ப ஊறவிட வேண்டும்.

திருகிலும் அப்படியே. பித்தளைத் திருகு பார்க்க அழகு. உப்புநீரில் அதிலுள்ள துத்தநாகம் அரித்துப்போய் உளுத்துவிடும். சிலிக்கான் வெண்கலம் சிறந்தது, விலை அதிகம். சூடாகத் துத்தநாகம் பூசிய இரும்பு ஏழைக்கு ஏற்றது.

மழைநீர் மீதும் ஒரு கண் வேண்டும். மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்புநீரைவிட நன்னீர்தான் விருப்பம். கடலில் பத்திரமாக இருந்த படகு, கொல்லையில் மூடாமல் விட்ட ஒரு மழைக்காலத்தில் கெடத் தொடங்கும். மூடிவைக்கத் தார்ப்பாய் வேண்டும். காற்றோட்டம் இருக்கும்படி மூடவும் வேண்டும்.

காசை எண்ணவே கூடாத இடம் உயிர்காப்பு. இருக்கைகளுக்கு அடியில் மூடிய நுரை அடைக்க வேண்டும். தண்ணீர் நிரம்பினாலும் படகு மூழ்காமல் மிதக்க வேண்டும். உயிர்காப்பு உடை படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், படகு விபத்துகளில் நீரில் மூழ்கி இறந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதை அணியாதவர்களே.

பின்பலகையில் தொங்கும் எஞ்சின்

ஓலே எவின்ரூட் நார்வேயில் பிறந்து, விஸ்கான்சினில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே தானாகப் பாய்மரப் படகு கட்டியவர். 1906-ன் கோடையில் ஏரித் தீவொன்றில் உல்லாசமாகக் கூடியிருந்தபோது, காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். துடுப்பு வலித்துப் போய் வாங்கிவருவதற்குள் உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றத்தில் பிறந்த யோசனை என்று குடும்பக் கதை சொல்கிறது. 1909-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு எஞ்சின் ஒன்றரை குதிரைத்திறன், 62 பவுண்ட் எடை, 62 டாலர் விலை. இன்று இரண்டரை குதிரைத்திறன் எஞ்சினின் எடை 20 கிலோவுக்கும் குறைவு. ஓர் இளைஞர் ஒரு கையில் தூக்கிவந்து பின்பலகையில் மாட்டலாம்.

சிக்கனப் படகில் எஞ்சினுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் உடம்பின் செலவை மிஞ்சிவிடும். அதனால் பழைய எஞ்சின் தேடுவார்கள். அமெரிக்காவில் 1996-ல் அறிவித்து 2006-க்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்த புகைக்கட்டுப்பாட்டு விதிகள், பழைய பாணி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் புதுச் சந்தையிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றின. பழைய சந்தையில் அவை இன்றும் சுற்றுகின்றன. எடை குறைவு, பழுதுபார்ப்பது எளிது. புகையும் எண்ணெய்க் கசிவும் அதிகம். வாங்கும்போது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்ப்பதும், குளிர்நீர் பம்பின் ரப்பர் சுழலியை மாற்றுவதும் அனுபவசாலிகள் சொல்லும் முதல் இரண்டு பாடங்கள்.

எவ்வளவு குதிரைத்திறன்? ஆசை அதிகம் கேட்கும், கணக்கு குறைவாகவே தரும். 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்க விதிப்படி நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் பெருக்க வேண்டும். 12 அடி நீளம், மூன்றரை அடி பின்பலகை என்றால் 42. அதற்கு உச்சவரம்பு ஏழரை குதிரைத்திறன். அடி தட்டையாக, ஓரம் கூர்முனையாக இருந்தால் ஒரு படி இறக்கி 5. ஏறக்கூடியவர்களுக்கும் கணக்கு உண்டு: நீளத்தைப் படகின் அகலத்தால் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 12 அடிக்கு நாலரை அடி என்றால் மூன்று பேர். அவ்வளவுதான்.

மெதுவாகப் போகும் படகுக்கு வேக வரம்பை நீரே வைத்துவிடுகிறது. நீரைத் தொடும் நீளத்தின் வர்க்கமூலத்தை அடியில் எடுத்து 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். 12 அடிக்கு ஏறக்குறைய 4.6 நாட், மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அதற்குமேல் எஞ்சினை முடுக்கினால் படகு தான் எழுப்பிய அலையிலேயே ஏறத் திணறும். இந்த வரம்பைத் தாண்ட உடம்பு எடை குறைந்து, நீரின் மேல் எழும்பிச் சறுக்க வேண்டும். ஒவ்வொரு கிலோவையும் குறைத்துக் கட்டுவதன் பலன் இங்கே தெரியும்.

எஞ்சினோடு ஒரு சிறு கயிறும் வரும். ஒரு முனை ஓட்டுநரின் உடம்பில், மறுமுனை நிறுத்துவிசையில். அவர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சின் அணைந்துவிடும். 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் இதை மாட்டிக்கொள்வது சட்டம். ஆளில்லாமல் வட்டமடிக்கும் படகின் விசிறி, நீரில் விழுந்தவரையே திரும்ப வந்து வெட்டும் ஆபத்து உண்டு. பழைய எஞ்சினில் இந்த வசதி இல்லையென்றால் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

பின்னம் படிக்க ஒரு படகு

வாஷிங்டனுக்கு அருகே போட்டோமாக் ஆற்றங்கரையில் உள்ள அலெக்சாண்ட்ரியா சீபோர்ட் ஃபவுண்டேஷன், படிப்பை இடையில் விட்ட இளைஞர்களைப் படகுப் பட்டறையில் பயிற்சியாளர்களாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே இருந்த ஜோ யூச்சா ‘பெவின்ஸ் ஸ்கிஃப்’ என்ற 12 அடி அளவு பிளைவுட் படகை உருவாக்கினார். ஒரு குடும்பம் வார இறுதிக்குள் கட்டும் அளவுக்கு எளியது. சிறு எஞ்சினும் மாட்டலாம். ‘உட்டன்போட்’ இதழ் ஊக்குவித்த குடும்பப் படகுகட்டும் நிகழ்ச்சிகளில் அது பல ஊர்களுக்குப் பரவியது. முக்கால் அங்குலத்தில் பாதி எவ்வளவு என்று கரும்பலகையில் கேட்டால் தடுமாறியவர்கள், தவறாக அறுத்தால் பலகை வீணாகும் என்ற நிலையில் பின்னக் கணக்கைப் பிடித்துக்கொண்டதைக் கண்ட யூச்சா, படகு வழியாகக் கணக்கு கற்பிப்பதையே பின்னர் ஆசிரியர்களுக்கான தனிப் பயிற்சியாக வளர்த்தார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ‘ராக்கிங் தி போட்’ அமைப்பும் இதே நம்பிக்கையில் பள்ளி மாணவர்களை மரப்படகு கட்டவைக்கிறது.

முட்டத்தில் தைத்த வள்ளம்

இந்தக் கதையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இடமுண்டு. கட்டுமரத்துக்கும் குடைவு வள்ளத்துக்கும் பெரிய மரங்கள் வேண்டும். அவை அருகிப் போனதால் விலை ஏறியது. 1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே உள்ளிட்டோர், பிளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறையில் மீன்பிடி வள்ளங்கள் கட்டும் முயற்சியில் இறங்கினார்கள். அதே காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு எஞ்சின்களும் தென்கடற்கரைக்கு வந்தன. லேசான பிளைவுட் வள்ளமும் பின்னால் மாட்டும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

வழி சுலபமாக இல்லை. கட்டுமரத்துக்குள் தண்ணீர் நிற்காது. அலை புரட்டினாலும் அது மூழ்காது. அந்த உறுதியோடு தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போனவர்களுக்கு, மெல்லிய பலகைக்குள் உட்கார்ந்து போகும் வள்ளம் முதலில் நம்பிக்கை தரவில்லை. கரையில் அலை தாண்டி ஏறும்போது மணலில் அடி தேயும். வடிவத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது. ‘சிறியதே அழகு’ என்று எழுதிய ஷூமாக்கரின் வழிவந்த முயற்சி அது. ஜில்லே 1985-ல் தன் அனுபவத்தை எழுதியபோது ‘சிறியது கடினம்’ என்றே பெயர் வைத்தார். மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் இந்த வள்ளங்களைக் கட்டிக்கொடுக்கும் பட்டறைகளையும் எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையங்களையும் நடத்தியது. பிறகு கண்ணாடி இழைப் படகுகள் கடற்கரையை நிறைத்தன. என்றாலும் பிளைவுட், கம்பி, பிசின், எஞ்சின் என்ற அதே சேர்க்கை நம் கரையிலும் கடலுக்குப் போய்ப் பிழைப்பு தந்தது.

அந்த அனுபவம் இங்கேயே இருக்கிறது. ஐஎஸ் 710 முத்திரையிட்ட பலகை நம் மரக்கடைகளில் கிடைக்கிறது. எஞ்சின் பழுது தெரிந்தவர்கள் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். உள்நாட்டு நீர்நிலையில் எஞ்சின் படகு ஓட்டுவதற்கு முன் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படிப் பதிவு குறித்து விசாரித்துக்கொள்ள வேண்டும். கடலோர மாவட்டங்களின் ஐடிஐ, பாலிடெக்னிக் பட்டறைகளில் ஆண்டுக்கு ஒரு படகாவது மாணவர்கள் கையால் எழும்ப வேண்டும். அதற்குத் தேவை ஒரு நல்ல வரைபடமும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஓடாவியும்.

பட்டறை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. முதலில் அட்டையில் மாதிரி செய்து பார்க்கச் சொல்வார் பேசன். எட்டில் ஒரு பங்கு அளவு வைத்துக்கொண்டால் 8 அடிக்கு 4 அடி ஷீட், ஓர் அடிக்கு அரை அடி அட்டையாகிவிடும். 12 அடிப் படகு ஒன்றரை அடி மாதிரியாகிவிடும். வரைபடத்தின் அளவுகளை எட்டால் வகுத்து அட்டையில் குறித்து, கத்தரித்து, நாடாவால் ஒட்டினால், எந்தப் பலகை எங்கே வளைகிறது, எந்த மூலை பொருந்த மறுக்கிறது என்பது ஒரு மாலைக்குள் தெரிந்துவிடும். வெட்டிய அட்டைகளை எண்ணினால் எத்தனை ஷீட் வாங்க வேண்டும் என்பதும் தெரியும். மரக்கடைக்குப் போய் விலை கேட்க அந்த எண் போதும்.